சுக்கான் காக்கா சொன்ன ஒழுங்கு

குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கு அப்பால் உள்ள கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு நியமனம் வந்தபோது நான் ஒருநாளும் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், ஏறியிருக்கவில்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் திருகோணமலை நகரத்தில்தான். கடல் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரியும். தெரிவது வேறு, அதன்மேல் போவது வேறு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சீலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மூதூர் லோஞ்சுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன்.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சருக்கு இதுதான் முதல் தரம், என்ன?”

குடையும் புத்தகப் பையும் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஓம் என்றேன்.

“அப்ப கேளுங்க. முதல் அரை மணித்தியாலம் குளத்தில போற மாதிரி இரிக்கும். பிறகு துறைமுகவாய் திறக்கும். அதில ஒரு ஆட்டம் வரும். இந்தப் பக்கம் இருந்தா சீலை நனையும், அங்கால போய் இரிங்க. வயித்தைப் பிரட்டும். பிரட்டக்குள்ள தண்ணியைப் பார்க்காதீங்க, தூரத்து மலையைப் பாருங்க. பிறகு கங்கைத் தண்ணி கலக்கிற இடத்தில கடல்ட நிறம் மாறும். நிறம் மாறினா முடிஞ்சுது.”

எல்லாம் அப்படியே நடந்தது. ஆட்டம் வந்தபோது நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிரட்டியது, ஆனால் பயம் வரவில்லை. மகாவலி வந்து விழும் இடத்தில் பச்சை நிறம் மெல்லக் கலங்கி மண் நிறமானபோது, பக்கத்தில் இருந்த கிழவரிடம் “முடிஞ்சுது” என்று நானே சொன்னேன்.

சுக்கான் பிடித்தவர் மூதூரைச் சேர்ந்தவர். அப்போது நாற்பது வயது இருக்கும். ஒல்லியான, நெடிய மனிதர். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். வெள்ளைத் தொப்பியை எல்லாரும் போடுவதுபோல நேராகப் போடாமல், வலது காதை மூடும்படி இழுத்துவிட்டிருப்பார். சோனகரும் தமிழரும் அவரைச் சுக்கான் காக்கா என்றே கூப்பிட்டார்கள்; முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் காக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய பெயர் எனக்குப் பிறகு தெரியவந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

புதிதாக ஏறுகிற எவரையும் அவர் சும்மா விடமாட்டார். கைக்குழந்தையோடு வந்த தாயிடம், “ஆட்டம் வரக்குள்ள புள்ளை அழாது, நித்திரையாகிப் போகும், ஆட்டம் நிண்டாப் பிறகுதான் அழும், அதுக்குப் பயப்பிடாதீங்க” என்பார். வாடைக்காற்றுக் காலத்தில் வந்த ஒரு கந்தோர் உத்தியோகத்தரிடம், “சேர், நீங்க சத்தியெடுப்பீங்க, வெட்கப்பட வேணாம், நாலு பேர் எடுப்பாங்க” என்றார். அந்த மனிதர் முறைத்தார். பிறகு வாந்தி எடுத்தார். சரியாக நாலு பேர்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“ஏன் காக்கா இப்பிடி முன்னுக்கே சொல்லிப் பயப்பிடுத்திறீங்கள்?”

“பயப்பிடுத்திறதில்ல டீச்சர். சொல்லாம வந்தா அது கள்ளன் மாதிரி வரும். சொல்லிப்போட்டா தெரிஞ்ச ஆள் வாற மாதிரி வரும். நல்ல ஆளோ கெட்ட ஆளோ, தெரிஞ்ச ஆள்தானே.”

சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை போய், கட்டைபறிச்சானில் ஒரு வீட்டு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நகரத்துக்குத் திரும்புவேன். இப்படி மூன்று வருஷம் போனது. மூன்றாவது வருஷத்தில் எனக்குத் தலையிடி தொடங்கியது. காலையில் எழும்பும்போதே கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். கரும்பலகையில் நான் எழுதுகிற வரி சரிந்து போவதைப் பிள்ளைகள் சொன்ன பிறகுதான் கண்டேன். கண்ணாடி மாற்றினேன். சித்த மருந்து குடித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. முப்பது தாண்டியும் கலியாணமாகாத எனக்கு இப்படி ஒரு வருத்தம் என்று ஊருக்குள் கதை போனால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை ஜெட்டிப் பலகையில் கால் வைத்தபோது, பலகை இருந்த இடத்தில் கால் விழவில்லை. பக்கத்தில் நின்றவர் பிடித்திருக்காவிட்டால் தண்ணீருக்குள் போயிருப்பேன். இருக்கையில் போய் இருந்து, ஈரமான செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தேன். காக்கா எஞ்சின்காரரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“பலகை ரெண்டாத் தெரியுதோ?”

எனக்குக் கோபம் வந்தது. “உங்கட வேலையைப் பாருங்கோ காக்கா” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். வலது காதுக்கு மேலே ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மயிரே இல்லை. தோல் வழுவழுப்பாக, மற்ற இடத்தைவிட வெளிறி இருந்தது. அதன் நடுவே வளைந்த ஒரு வெட்டுத் தழும்பு.

“எனக்கும் ரெண்டாத்தான் தெரிஞ்சது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. பிறகு ஒருநாள் சுக்கானோட விழுந்து கைகால் இழுத்துது. நாப்பது சனம் லோஞ்சில. நீங்க விழுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க, டீச்சர்.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு சுக்கானுக்குப் போய்விட்டார்.

அந்தக் கிழமையே அண்ணனிடம் சொன்னேன். நகரத்து ஆஸ்பத்திரியில் காட்டினோம்; அவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள், கண்ணின் பார்வை எதுவரை போகிறது என்று ஒரு கறுப்புத் திரையில் புள்ளி காட்டிச் சோதித்தார்கள். கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி. வெட்டி எடுக்க வசதியில்லாத இடம். கதிர் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்குத்தர். ஐந்து கிழமை என்றார், அடுத்த மாதம் வரச் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. வெளியே வாங்குப் பலகைகளில் இடமில்லாமல் சனம் நின்றது.

ஊரில் கதிர் வைப்பதைக் கரண்ட் பிடிக்கிறது என்றுதான் சொன்னார்கள். பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தலையில் கரண்ட் கொடுப்பார்கள் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் ஒன்றென்று அம்மா நினைத்தா. நானும் வெளியே சொல்லாவிட்டாலும் அப்படித்தான் நினைத்தேன். உடம்பு தூக்கிப் போடும், நாக்குக் கடிபடும், எழும்பும்போது யார் எவர் என்று தெரியாமல் போகும் என்று எண்ணி எண்ணி, போகாமலே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

லீவு எழுதிக் கொடுப்பதற்காகக் கடைசியாக ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். திரும்பி வருகிற லோஞ்சில் ஆட்கள் குறைவு. நானே போய்ச் சுக்கானுக்குப் பக்கத்தில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். போகப் போவதில்லை என்றும் சொன்னேன்.

அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

“நடக்கிற ஒழுங்கைச் சொல்றன். பிறகு நீங்க முடிவெடுங்க.”

கடலைப் பார்த்தபடியே சொன்னார். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

“இது அந்தக் கரண்ட் இல்ல. உடம்பு தூக்காது. நோகாது. சுடாது. முதல் நாள் கரண்ட் வைக்கவே மாட்டாங்க. உங்களைப் படுக்க வைச்சு அளப்பாங்க, தையல்காரன் அளக்கிற மாதிரி. முகத்தில ஊதா மையால கோடு போடுவாங்க. அதைக் கழுவக்கூடாது. பஸ்ஸில சனம் பார்க்கும். பார்க்கட்டும்.

“ரெண்டாம் நாள் ஒரு அறைக்குள்ள கொண்டு போவாங்க. குளிரும், ஒரு சால்வை கொண்டு போங்க. நடுவில பெரிய இயந்திரம், கிணத்துக் கப்பி மாதிரித் தலைக்கு மேல நிக்கும். தலைக்கு ரெண்டு பக்கமும் சின்ன மணல் மூட்டை வைப்பாங்க. நெத்தியில பட்டி ஒட்டுவாங்க. அசையக்கூடாது, மூச்சு விடலாம். பிறகு எல்லாரும் வெளிய போயிருவாங்க. இந்த இடத்தைக் கவனமாக் கேளுங்க. கதவு அரையடி தடிப்பு. அது மூடக்குள்ள ஒரு சத்தம் வரும். உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க எண்டு நினைப்பு வரும். போகல்ல. ஒரு கண்ணாடியால பார்த்துக்கொண்டுதான் நிப்பாங்க. நான் அது தெரியாம, பட்டியைப் பிய்ச்சுக்கொண்டு எழும்பி ஓடிப்போய்க் கதவில அடிச்சன். ஒரு ஆம்பிளை, கடல்ல போறவன், நர்ஸ் மிஸிட கையைப் பிடிச்சு அழுதன். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல.”

“பிறகு?” என்றேன்.

“டக்கெண்டு ஒரு சத்தம். பிறகு இரைச்சல். நூறு நூத்தம்பது எண்ணக்குள்ள நிண்டுரும். பிறகு வந்து இயந்திரத்தைத் திருப்பி மற்றப் பக்கத்தால வைப்பாங்க.”

“ஏன் மற்றப் பக்கம்?”

அவர் கையை நீட்டிக் காட்டினார். “மீன் பிடிக்கிறவங்க கடலுக்கடியில இரிக்கிற கல்லை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கோயில் மலையையும் அங்கால இரிக்கிற மரத்தையும் ஒரு கோட்டில பிடிப்பாங்க. வெளிச்சவீட்டையும் இன்னொரு மலையையும் ஒரு கோட்டில பிடிப்பாங்க. ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில கல் இரிக்கும். அது மாதிரித்தான். ஒரே பக்கத்தால முழுக்கக் குடுத்தா வழியில இரிக்கிற நல்ல இடமும் கெட்டுப்போகும். பல பக்கத்தாலயும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தா எல்லாம் சந்திக்கிற இடத்திலதான் அது முழுசா விழும்.”

டாக்குத்தர் எனக்கு விளங்கப்படுத்தாத ஒன்றை அவர் ஒரு கையசைப்பில் விளங்கப்படுத்தினார்.

“ரெண்டாம் கிழமை களைப்பு வரும். படி ஏற ஏலாது. வாயில சோறு மண் மாதிரி இரிக்கும், தின்னுங்க. மூணாம் கிழமை தலையணையில மயிர் கிடக்கும். முழுத்தலையும் இல்ல, அது உள்ள போற இடத்தில மட்டும். அண்டைக்கு மட்டும் கண்ணாடி பார்க்காதீங்க, அடுத்த நாள் பாருங்க. முடிஞ்சு வீட்ட வந்து ஒரு மாசத்தால ஒரு நித்திரை வரும், பகல் முழுக்க. வருத்தம் கூடிப்போச்சு எண்டு நினைப்பீங்க. இல்ல. அதுவா வந்து அதுவாப் போகும். போகாட்டி, சத்தியெடுத்தா, கை கால் சோர்ந்தா, உடனே போய்க் காட்டுங்க. அதை மட்டும் என்னட்டக் கேக்க வேணாம்.”

“சுகமாகுமோ காக்கா?”

அந்தப் பேச்சில் முதல் தடவையாக அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அது எனக்குத் தெரியாது, டீச்சர். ஆறு மாசத்துக்கு அவங்களுக்கும் தெரியாது.”

நான் போனேன்.

அண்ணன் கொழும்பில் ஒரு சிநேகிதர் வீட்டில் என்னைத் தங்க வைத்தார். முகத்தில் ஊதாக் கோடுகளோடு ஐந்து கிழமை பஸ்ஸில் போய் வந்தேன். சனம் பார்த்தது. அறை குளிர்ந்தது, சால்வை கொண்டு போயிருந்தேன். கதவு மூடிய அந்தச் சத்தம் வந்தபோது, கடலில் அந்த ஆட்டம் தொடங்கும்போது நினைத்ததுபோல ‘இதோ வருகிறது’ என்று நினைத்தேன். நூற்று முப்பத்தெட்டு எண்ணும்போது இரைச்சல் நின்றது. மூன்றாம் கிழமை தலையணையில் மயிர் கிடந்தது. அன்றைக்குக் கண்ணாடி பார்க்கவில்லை.

வெளி வாங்கில் என்னோடு இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தொடங்கினேன். புதிதாக வந்த ஒரு பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் கதவைப் பற்றிச் சொன்னேன். அவள் உள்ளே போய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் விடவில்லை.

காக்கா சொல்லாத ஒன்றே ஒன்று நடந்தது. கடைசி நாள். தாதி கோடுகளை அழித்துவிட்டு, இனி வரத் தேவையில்லை, மூன்று மாதத்தில் காட்டு என்றாள். நான் சந்தோஷமாக வெளியே வந்தேன். வாசலில் செவ்விளநீர் விற்கிறவரிடம் அண்ணன் ஒன்று வெட்டச் சொன்னார். அதை வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அடக்க ஏலவில்லை. ஐந்து கிழமையாக ஒவ்வொரு நாளும் யாரோ எனக்காக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். இனி ஒருவரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. கட்டி உள்ளே இருக்கிறதோ இல்லையோ, இனி நானும் அதுவும் மட்டும்தான். வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை. அந்த வாசலை விட்டு என்னை நகர்த்த அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பகல் நித்திரையும் அவர் சொன்னதுபோலவே வந்து, ஒரு மாதத்தில் போனது. இரட்டையாகத் தெரிந்தது மெல்ல மெல்ல ஒன்றானது. எட்டாவது மாதம், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, மறுபடி பலகையில் கால் வைத்தேன். கால் பலகையில் விழுந்தது. காக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

லோஞ்சு புறப்பட்ட பிறகு அவரிடம் போய், அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொன்னேன். “அதை மட்டும் ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன். அதில் கொஞ்சம் முறைப்பாடும் இருந்தது.

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் மூணு நாள் வீட்ட வரல்ல, டீச்சர்” என்றார். “கொழும்பில ஒரு பள்ளிவாசல்ல படுத்துக் கிடந்தன். பஸ் இல்லையெண்டு வீட்டில பொய் சொன்னன். அது எனக்கு மட்டும் வந்த கோழைத்தனம் எண்டு நினைச்சு இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டிருந்தன்.”

பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். எஞ்சின்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் சொல்லுகிற ஒழுங்கில் அதுவும் சேர்ந்தது. கிண்ணியா, மூதூர், சீனன்குடாப் பக்கத்தில் தலையில் கட்டி என்று யாருக்குச் சொன்னாலும், ஆட்கள் ஜெட்டிக்கு வந்து சுக்கான் காக்கா எங்கே என்று கேட்பார்கள்.

எல்லாரும் அவரை வாழ்த்தவில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு மீன் வியாபாரி தன் தகப்பனை அழைத்துக்கொண்டு வந்தான். காக்கா வழக்கம்போல ஒழுங்கைச் சொன்னார். மகன் அவரை ஒருபக்கம் கூட்டிக்கொண்டு போய், “சுகமாகும் எண்டு ஒரு சொல் சொல்லுங்க காக்கா, நீங்க சொன்னா வாப்பா நம்புவார்” என்று கெஞ்சினான். அவர் மாட்டேன் என்றார். தெரியாததைச் சொல்ல ஏலாது என்றார். எனக்கே அன்று அவர்மேல் வெறுப்பு வந்தது. ஒரு சொல்தானே.

நாலு மாதத்தில் அந்தக் கிழவர் மௌத்தாகிவிட்டார். மகன் ஜெட்டிக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் காக்காவின் சட்டையைப் பிடித்தான். “அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா அவர் சந்தோஷமாப் போயிருப்பார்” என்றான். காக்கா அந்தக் கையை விலக்கவில்லை. அவன் தானாக விட்டுவிட்டு அழுதுகொண்டு போனான்.

அதன் பிறகு இரண்டு கிழமை அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொல்லவில்லை, அலை வருகிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், நனைகிறவர்கள் நனைந்தார்கள். கடைசியில் மூதூர்ச் சந்தைக்குப் போய்வருகிற ஒரு பெண், முதல் அலையில் தலையிலிருந்து கால்வரை நனைந்து, உப்பெல்லாம் கரைந்துபோன கடகத்தைத் தூக்கிக் காட்டி ஏசினா. “வாய்க்குள்ள என்ன வைச்சிருக்காய்? இருபது வருஷமா இந்தக் கடல்ல நிண்டுகொண்டு, இந்தா வருது எண்டு ஒரு சொல் சொல்ல ஏலாதோ?”

காக்கா அவவைப் பார்த்தார். “அடுத்தது இதைவிடப் பெரிசு. அங்கால போய் இரி, புள்ளை” என்றார்.

லோஞ்சே சிரித்தது. அன்றிலிருந்து பழையபடி சொல்லத் தொடங்கினார். ஆனால் அந்த மீன் வியாபாரியைப் பற்றி ஒருநாள் என்னிடம், “அவன் கேட்டது பிழையில்ல. எனக்கு அது வராது, அவ்வளவுதான்” என்றார்.

அவருடைய முகம் என் நினைவில் தெளிவாக வருவது இன்னொரு நாளில். சீனன்குடா விமானத் தளத்தில் வேலை செய்கிற ஒரு சிங்களப் பெடியன், இளம் மனைவியோடு ஜெட்டிக்கு வந்தான். அவனுக்கும் தலையில் கட்டி; யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. காக்காவுக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம்தான். நான் உதவி செய்ய முன்வந்தேன், அவர் கையமர்த்தினார். லோஞ்சு கட்டியிருந்தது, சனம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார். பிறகு இருக்கைப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். யாரோ வைத்திருந்த இரண்டு அரிசிப் பைகளை எடுத்துத் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார். விரலால் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். கதவு மூடுகிற சத்தத்தை வாயால் செய்தார். “செலவென்ன எபா” என்றார். அசைய வேண்டாம் என்று அர்த்தம். பிறகு அசையாமல் கிடந்தார்.

நூற்று முப்பது நூற்று நாற்பது எண்ணும் நேரம் அப்படியே கிடந்தார். ஏறிக்கொண்டிருந்த சனம் பலகையிலேயே நின்றது. கோழிக் கூடையோடு வந்தவர் கூடையைக் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டே நின்றார். பிறகு காக்கா எழும்பி, சாரத்தைத் தட்டிவிட்டு, அந்தப் பெடியனைப் பார்த்துக் கையை விரித்தார். இவ்வளவுதான் என்பதுபோல. அந்தப் பெண் என்ன விளங்கிக்கொண்டாளோ, கணவனின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சில மாதத்துக்குப் பிறகு அவன் தனியாக வந்தான். இரண்டு கன்னப் பொறியிலும் மயிர் இல்லை. லோஞ்சில் ஏறி, காக்காவுக்கு முன்னால் நின்று, கடைசி நாளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக் காட்டினான். காக்கா என் பக்கம் திரும்பினார்.

“மூணு பேராச்சு, டீச்சர்” என்றார். பெரிய பாரம் ஒன்றை இறக்கியவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. லோஞ்சுப் பயணம் நின்றது. ஒரு வருஷம் கழித்து, காக்கா சுக்கானை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டு மூதூருக்குப் போனேன். கட்டி திரும்ப வந்திருந்தது. அதே இடத்துக்கு இரண்டாம் தரம் கதிர் வைக்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். இடது கை மடியில் சோர்ந்து கிடந்தது. அவருடைய மனைவி பால்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரத்தில் நின்றா.

“டாக்குத்தரிட்ட ஒழுங்கைக் கேட்டன்” என்றார் காக்கா. “முதல்ல அவர் சொல்லல்ல. விடாமக் கேட்டன். இவளுக்குச் சொல்லிப்போட்டன். கை போகும் எண்டன், போச்சு. அடுத்தது நடை. பிறகு கண். பிறகு பேச்சு நிண்டுரும். பேச்சு நிண்டாலும் காது கேக்கும், அதால பக்கத்தில இருந்து கதைச்சுக்கொண்டிரு எண்டு சொல்லியிரிக்கன். பயப்பிடாதே எண்டும் சொல்லியிரிக்கன்.”

மனைவி சீலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினா. அவவுக்கு எல்லாம் பாடமாக இருந்தது என்பது பார்க்கவே தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கதைத்துவிட்டு, கடைசி லோஞ்சுக்கு எழும்பினேன்.

அவர் மௌத்தான செய்தி கிடைத்துப் பத்து நாளில் மறுபடி போனேன். அவருடைய மனைவி வெள்ளைச் சீலையோடு உள்ளறையில் இருந்தா. என்னைக் கண்டதும் பாயில் இடம் விட்டா. பக்கத்தில் போய் இருந்தேன். பிறகு அவவாகத்தான் சொல்லத் தொடங்கினா.

“நடை போச்சு, டீச்சர். கண்ணும் போச்சு. அவர் சொன்ன மாதிரியே. பிறகு பேச்சுப் போகும் எண்டு நான் ஒவ்வொரு நாளும் விடியக்குள்ள எழும்பி, இண்டைக்கோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். என்ன கதைக்கிறதெண்டெல்லாம் யோசிச்சு வைச்சிருந்தன், அவர் ஊமையாக் கிடக்கக்குள்ள சொல்றதுக்கு. போகல்ல. கடைசி அண்டு காலையும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தார்.”

“என்ன கதைச்சவர்?”

“ஒண்டுமில்ல. மீனாணத்தில புளி கூடிப்போச்சு எண்டார். மகள் பள்ளிக்கூடம் போயிட்டாளோ எண்டு கேட்டார். நாங்க கலியாணம் முடிச்ச புதுசில நான் கட்டியிருந்த ஒரு சீலையைப் பத்திச் சொன்னார். அவர் அதைப் பச்சை எண்டார்; எங்களுக்குள்ள சண்டையும் வந்துது.”

அவவின் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது.

“என்ட மனிசன் சொன்னது ஒண்டுதான் பிழைச்சது, டீச்சர்” என்றா. “அது நீலம்.”